முக்கியம் என்று எழுதிய 11 பெட்டிகள்

மலேசியாவின் பினாங்கில், ஜாலான் பி. ரம்லியில் நாங்கள் 19 வருடம் குடியிருந்த வீட்டை விற்கப் போவதாக வீட்டுக்காரர் சொன்னது 2023 டிசம்பர் கடைசியில். இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார். அவர் கணக்கில்தான் இரண்டு மாதம். எங்கள் அம்மாவின் நாட்காட்டியில் ஒரே ஒரு நாள். மார்கழியில் வீடு மாறக் கூடாது. தை பிறந்ததும் மாறலாம், ஆனால் வளர்பிறையாக இருக்க வேண்டும். அந்த வருடம் தைப்பூசத்தோடு வளர்பிறை முடிந்தது. அடுத்த வளர்பிறை தொடங்கும்போது சீனப் பெருநாள், பினாங்கில் லோரிக்கு எங்கே போவது? கழித்துக் கழித்து மிஞ்சியது 2024 ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரையிலிருந்து எட்டரைக்குள்.

புது வீடு ஆயர் ஈத்தாமில், ஃபார்லிம் பக்கம். 14ஆவது மாடி. லிஃப்டில் 14 என்ற பொத்தான் கிடையாது. சீனர்களுக்கு நான்கு ஆகாத எண் என்பதால் ‘13ஏ’ என்று போட்டிருக்கிறார்கள். சன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கெக் லோக் சி கோயில், பின்னால் கொடிமலை. வீடு பார்க்கப் போனபோது நான் மலையைப் பார்த்தேன். என் கணவர் கார் நிறுத்த இடம் பார்த்தார். அம்மா சன்னலிலிருந்து கீழே எட்டிப் பார்த்து, “கால்வா எங்கே ஓடுது?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

நல்ல நேரத்தை அம்மா பார்த்துவிட்டார். நிர்வாக அலுவலகத்தின் நேரத்தை யாரும் பார்க்கவில்லை. ஞாயிறிலும் பொது விடுமுறையிலும் சாமான் ஏற்ற அங்கே அனுமதி கிடையாது. மற்ற நாளில்கூட முன்கூட்டியே படிவம் நிரப்பி, திருப்பித் தரும் முன்பணம் கட்டினால்தான் லிஃப்டுக்குள் பலகை அடித்துத் தருவார்கள். இது எங்களுக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை மாலை, லோரிக்காரருக்கு முன்பணம் கொடுத்த பிறகு. அவர் நல்ல மனிதர். திங்கட்கிழமைக்கு மாற்றித் தந்தார், 50 வெள்ளி (ரிங்கிட்) கூடுதலாக. அடுக்குமாடிக்குப் போகிறவர்கள் பஞ்சாங்கத்தை எடுப்பதற்கு முன்னால் நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தத் தவறுதான் எங்களுக்கு வாய்த்த நல்ல காரியம் என்று இப்போது நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை காரில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, ஒரு குடம் தண்ணீர், பால், புதுப் பால்சட்டி மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். அடுப்பும் கேஸ் தோம்பும் (சிலிண்டர்) புதிதாக வாங்கி முதல் நாளே இறக்கியாகிவிட்டது. ஏழு நாற்பதுக்கு அம்மா சட்டியில் பாலை ஊற்றினார். என் கணவர் தோம்பைத் திறக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை. ரெகுலேட்டர் பழைய வீட்டில், பழைய தோம்பின் தலையிலேயே இருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எழுபது வயது இருக்கும் ஒரு சீன ஆண்ட்டி கிரில்லுக்குப் பின்னால் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலாயும் கையசைவுமாக விஷயத்தைச் சொன்னேன். பால், பொங்க வேண்டும், எட்டரைக்குள். உள்ளே போனவர் பெருநாளுக்கு ஸ்டீம்போட் வைக்கும் சின்ன கேஸ் அடுப்போடு திரும்பி வந்தார். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பால் பொங்கியது, கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. ஆண்ட்டி வாசலில் நின்று கைதட்டினார். மறுநாள் அவரே ஓர் அன்னாசிப்பழத்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலிருந்து கூடத்துக்குள் உருட்டிவிட்டார். ஹொக்கியனில் அன்னாசி ‘ஓங் லாய்’. அதிர்ஷ்டம் வருகிறது என்பதும் அதே மாதிரிதான் காதில் விழுமாம். அம்மாவுக்கு ஒரே பெருமை. பழத்தை வெட்டிப் பச்சடி செய்து ஆண்ட்டிக்கே பாதி அனுப்பினார்.

பால் காய்ச்சிய பிறகு அந்த ஞாயிறு முழுக்க வீடு காலியாக இருந்தது. காலி வீட்டைத் துடைப்பது எவ்வளவு சுலபம் என்பது அன்றுதான் புரிந்தது. சமையலறை அலமாரிகளின் உள்பக்கம், மின்விசிறியின் இறக்கை, சன்னல் தண்டவாளத்தில் சேர்ந்திருந்த மண் எல்லாவற்றையும் நாலு பேர் மூன்று மணி நேரத்தில் முடித்தோம். சாமான் வந்த பிறகென்றால் ஒரு மாதம் இழுத்திருக்கும். அதோடு வெயில் எந்த நேரம் எங்கே விழுகிறது என்று பார்க்க முடிந்தது. அலமாரி வைக்கலாம் என்று நான் நினைத்திருந்த சுவரில் மூன்று மணிக்கு மேல் மேற்கு வெயில் சுட்டது. கையை வைத்தால் தோசைக்கல். முடிந்தவர்கள் பால் காய்ச்சும் நாளையும் சாமான் வரும் நாளையும் ஒரு நாளாவது தள்ளி வையுங்கள்.

சரி, பெட்டிகளுக்கு வருவோம். மொத்தம் 43. எல்லாவற்றிலும் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தோம், ஆனால் எழுதியவர்கள் மூன்று பேர். என் கணவர் ‘ஹால்’, ‘ரூம்’ என்று எழுதினார். என் ஒன்பது வயது மகன் டைனோசர் வரைந்தான். அம்மா ‘முக்கியம்’ என்று எழுதினார். 11 பெட்டிகளில் ‘முக்கியம்’. திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கத்தரிக்கோல் தேடியபோது அந்த 11 பெட்டியும் கூடத்தில் மலை மாதிரி நின்றன. கத்தரிக்கோல் டைனோசர் பெட்டியில் இருந்தது. அதைத் திறக்கத்தான் கத்தரிக்கோல் வேண்டும்.

இன்னொரு தடவை மாறினால் (வேண்டாம் சாமி) பெட்டியில் வெறும் எண் மட்டும் எழுதுவேன், இரண்டு பக்கமும் மேலேயும். எந்த எண்ணில் என்ன என்பது கைப்பேசியில் இருக்கும். மூடுவதற்கு முன் உள்ளே ஒரு படம் எடுத்து, அந்த எண்ணையும் படத்திலேயே போட்டுவிட்டால் போதும். முதல் இரவுக்கு வேண்டியவை அட்டைப்பெட்டிக்குள் போகவே கூடாது. மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றில் கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர், பல்பு ஒன்று, நீட்டு வயர், சோப்பு, துண்டு, கழிவறைக் குவளை, கேஸ் ரெகுலேட்டர், கட்டிலைக் கழற்றியபோது எடுத்த போல்ட்டுகள் எல்லாம் இருக்க வேண்டும். போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டில் சட்டத்திலேயே டேப் போட்டு ஒட்டிவிடுவது இன்னும் நல்லது. அம்மாவின் பிரஷர் மாத்திரை, அடையாள அட்டை, பத்திரங்கள், நகை இவை லோரியில் ஏறக் கூடாது. உங்கள் கைப்பையிலேயே வரட்டும்.

லோரியில் ஏற்றும்போது ‘முக்கியம்’ பெட்டிகளில் ஒன்றைத் தூக்கிய தம்பி பாதியில் கீழே வைத்துவிட்டான். “அக்கா, இதுல என்ன கல்லா வச்சிருக்கீங்க?” என்று கேட்டான். பாத்திரமாக இருக்கும் என்றேன். அம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய சாமான்களைப் பற்றிச் சொல்ல மூன்றே விஷயம் இருக்கிறது. சோபா லிஃப்டுக்குள் போகவில்லை. லிஃப்டின் உள்ளளவையும் கதவகலத்தையும் முன்பே அளந்திருந்தால் அதைப் பழைய வீட்டிலேயே யாருக்காவது கொடுத்திருக்கலாம். கீழேயே ஒரு குடும்பம் சந்தோஷமாக எடுத்துக்கொண்டது. மரத்தூள் பலகையில் செய்த அலமாரியைக் கழற்றி மாட்டியதில் திருகு பிடிக்கும் ஓட்டைகள் பொடிந்துவிட்டன. அந்த வகை அலமாரி ஒரு தடவை மாட்டுவதற்கு மட்டும்தான், கழற்றாமல் போகுமானால் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். குளிர்ப்பெட்டியைப் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் இறங்கச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். நாங்கள் ராத்திரி வரை காத்திருந்தோம், அதுவரை மீன் எதிர்வீட்டு ஆண்ட்டியின் ஐஸ்பெட்டியில் இருந்தது. இரண்டு நாளில் இரண்டாவது கடன்.

எந்த அறையை முதலில் பிரிப்பது என்பதில் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. அவருக்குச் சமையலறை. எனக்குப் படுக்கை. நான் சொன்னதுதான் சரி என்று இன்றும் சொல்வேன். இரண்டு நாளைக்குச் சந்தைப் பக்கம் லக்சாவும் மாமாக் கடை ரொட்டி சானாயும் சாப்பிட்டு ஓட்டிவிடலாம். முதுகு வலியோடு தரையில் படுத்துவிட்டு மறுநாள் காலை பெட்டி பிரிக்க முடியாது. கட்டில், மெத்தை விரிப்பு, சன்னல் திரை, குளியலறை. இவ்வளவும் முடிந்தால் அன்றைக்கு நிறுத்திவிடலாம்.

குளியலறை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுடுதண்ணீர் ஹீட்டரைப் போடுவதற்கு முன் உரிமம் பெற்ற எலக்ட்ரிஷியன் ஒருவரை வரவழைத்தோம். பியூஸ் பெட்டியில் மின்கசிவு வந்தால் தானாக விழும் சுவிட்ச் ஒன்றுதான் இருந்தது, அதுவும் 100 மில்லிஆம்பியர். ஹீட்டருக்கென்று தனியாக 10 மில்லிஆம்பியர் ஒன்று வேண்டும் என்று மாட்டிவிட்டுப் போனார். அந்த சுவிட்சில் ‘டி’ என்று சின்னப் பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால் சுவிட்ச் கீழே விழ வேண்டும். விழாவிட்டால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறோம். கேஸுக்கும் அதே மாதிரி ஒரு வேலை உண்டு. குழாயைப் புதிதாக மாற்றி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்ப்பது. குமிழி வந்தால் கசிவு. 14 கிலோ தோம்பு அரசாங்க விலையில் 26 வெள்ளி 60 காசு. அதற்கு மேல் 13ஏ வரை தூக்கி வரக் கூலி கேட்பார்கள். அதில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

சமையலறையில் நான் செய்த பெரிய தப்பு, முதல் வாரமே எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் அடுக்கியது. எனக்கு எது அதனதன் இடம் என்றே தெரியாதபோது எப்படி அடுக்க முடியும்? பழைய வீட்டில் மசாலா டப்பாக்கள் அடுப்புக்கு இடது பக்கம். இங்கேயும் இடது பக்கம் வைத்தேன். அது மேற்கு வெயில் விழும் இடம். மூன்றே வாரத்தில் மிளகாய்த்தூள் நிறம் மங்கியது. சாமி அலமாரியின் கதை இதைவிடக் கேவலம். சுவர் கான்கிரீட் என்று தெரியாமல் சாதாரண டிரில்லால் துளைத்ததில் முனை மழுங்கியதுதான் மிச்சம். சுத்தியல் டிரில் இரவல் வாங்கி மாட்டினோம். மாட்டிய இடத்துக்கு நேர் பின்னால் குளியலறை. அம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். மறுபடி கழற்றி, ஓட்டை அடைத்து, வேறு சுவர். ஒரு மாதம் வரை ஆணி அடிக்காமல் மேசை மேலும் பெட்டி மேலும் வைத்துப் புழங்கிப் பாருங்கள். கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்த பிறகு மாட்டினால் போதும்.

ஆனால் அட்டைப்பெட்டிகளை அப்படி விட்டு வைக்கக் கூடாது. மளிகைக் கடையில் இனாமாக வாங்கிய பெட்டிகளின் மடிப்பில் கரப்பான் முட்டை ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு வந்தது. பினாங்கின் ஈரக் காற்றில் அட்டை நமுத்துப்போய், அடியில் இருந்த புத்தகங்களில் வெள்ளிப்பூச்சி ஏறியது. இரண்டு வாரத்தில் பிரிக்காத பெட்டியைப் பிளாஸ்டிக் பெட்டிக்காவது மாற்றிவிட வேண்டும். காலியான அட்டையைத் தட்டையாக மடித்து, ‘சூராட் காபார் லாமா’ என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரிக்குப் போட்டோம். வேண்டாத பாத்திரம், பழைய ரேடியோ, இரண்டு தையல் மெஷின் தலை இவை லோரோங் கூலிட் காலைச் சந்தையில் கடை போடும் ஒரு பெரியவரிடம் போயின. அவர் கொடுத்த 40 வெள்ளியை அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அதில் பாதி சாமான் என்னுடையது என்பதை யாரும் பேசவில்லை.

அலுவலக வேலைகள் சலிப்பானவை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டைப் பூட்டும் அன்றும் புது வீட்டைத் திறக்கும் அன்றும் மின்சார மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் எண் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முன்பு இருந்தவர்கள் விட்டுப் போன தண்ணீர் பாக்கி எங்கள் தலையில் விழப் பார்த்தது. அந்த ஒரு படம்தான் காப்பாற்றியது. கணக்குகளை நம் பெயருக்கு மாற்ற முத்திரை வரி கட்டிய வாடகை ஒப்பந்தமும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பழைய கணக்கை மூடினால் அதில் கட்டிய வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கலாம், நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டை (மைகார்டு) முகவரியை 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் மாற்ற வேண்டும்.

மேல்மாடியில் நாங்கள் எதிர்பார்க்காதது காற்று. தரைவீட்டில் காற்று என்றால் மின்விசிறி போட்டால் வருவது. இங்கே கூடத்துச் சன்னலையும் அடுப்படிச் சன்னலையும் ஒன்றாகத் திறந்தால் இடையில் இருக்கும் அத்தனை கதவும் பீரங்கி மாதிரி அறைகிறது. இரண்டாவது வாரம் படுக்கையறைக் கதவின் பின்னால் மாட்டியிருந்த கண்ணாடி விரிசல் விட்டது. கடையில் விற்கும் ரப்பர் முட்டுகள் டைல் தரையில் வழுக்கிக்கொண்டு போயின. துணி காயப் போட்டால் கிளிப் இரண்டு போட வேண்டும். மகனின் பள்ளிச் சட்டை ஒன்று கீழே கார் நிறுத்தும் கூரையில் இன்றும் கிடக்கிறது. (சின்னப் பிள்ளைகள் இருந்தால் குடியேறுவதற்கு முன்னாலேயே சன்னல்களுக்கு கிரில் போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.)

அந்த நேரத்தில்தான் கனமான ‘முக்கியம்’ பெட்டியைப் பிரித்தேன். உள்ளே பழைய பேப்பரில் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்த செங்கல். 12 செங்கல். லோரிக்காரத் தம்பி சொன்னது சரிதான்.

பினாங்குக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிக் கொட்டிய மழையில் ஜாலான் பி. ரம்லி வீட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு வந்தது. அரிசித் தோம்பு மிதந்தது. அப்பாவின் படம் சுவரில் இருந்ததால் தப்பியது, கல்யாண ஆல்பம் கீழ் அலமாரியில் இருந்ததால் போனது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தச் சாமானும் தரையில் நிற்கவில்லை. குளிர்ப்பெட்டி, பீரோ, துணி மெஷின் எல்லாம் செங்கல் மேல். மழை இருட்டினால் அம்மா கட்டில் மேல் என்னென்ன ஏற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். 13ஏ வீட்டைப் பார்க்க வந்த அன்று கால்வாய் எங்கே என்று கேட்டவர், செங்கல்லை மட்டும் விட்டுவிட்டு வருவாரா?

“இங்கே எதுக்கும்மா இது?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும். சோறா போடப் போறே அதுக்கு?”

நீலத் தண்ணீர்த் தோம்பு இரண்டையும் அப்படித்தான் விடாமல் கொண்டுவந்திருந்தார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் மாறுவதற்கு முந்தின வாரம்தான், ஜனவரி 10 முதல் 14 வரை, பினாங்கில் குழாய்ப் பணிக்காகப் பல இடங்களில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். அந்தத் தோம்புகளை வைத்துத்தான் குடும்பமே குளித்தது.

செங்கல்லில் ஒன்றை எடுத்து, பழைய துண்டில் சுற்றி, படுக்கையறைக் கதவுக்கு அண்டை கொடுத்தேன். அசையவில்லை. அடுத்த நாள் எல்லாக் கதவுக்கும் ஒன்று வைத்தேன். அம்மா மிச்சத் துணியில் அவற்றுக்கு உறை தைத்துவிட்டார், பூப்போட்ட உறை. எதிர்வீட்டு ஆண்ட்டி ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு அவருக்கும் இரண்டு கேட்டார். எங்கள் கடன் ஒருவழியாகத் தீர்ந்தது.

இப்போது அம்மாவுக்கு இந்த இடம் பழகிவிட்டது. சந்தைக்குத் தனியாக நடந்து போகிறார். 204ஆம் எண் பஸ் கொடிமலை அடிவாரத்திலிருந்து கொம்தார் வழியாகப் படகுத்துறைக்குப் போகிறது என்று தெரிந்த பிறகு குட்டி இந்தியாவுக்குப் போய் வெற்றிலை வாங்கி வருகிறார். சாமி அலமாரி இரண்டாவது சுவரில் நிலைத்துவிட்டது. 43 பெட்டியில் 42 பிரித்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றில் டைனோசர் படம், மகன் திறக்க விடவில்லை.

ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணி இருக்கும், இடி இடித்துப் பெருமழை. எழுந்து கூடத்துக்கு வந்தேன். அம்மா சன்னல் ஓரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். “போய்ப் படும்மா, 14 மாடி ஏறி எந்தத் தண்ணி வரப் போவுது?” என்றேன். கையைக் காட்டி என்னை அடக்கினார். காதில் போன் இருந்தது.

“ஆமா, நான்தான். முழிச்சிருக்கீங்களா? வாசப்படி வரைக்கும் வந்திருச்சா? சரி, மொதல்ல அரிசியைத் தூக்கிக் கட்டில் மேல வைங்க.”